கல்லூரிக் கணினி ஆய்வகமும் வைஃபையும்: வடசென்னை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் கணினி கிடையாது, கைபேசியும் கல்லூரி ஆய்வகமும்தான் துணை. வடசென்னைக் கல்லூரிகளில் இந்த நிலையில் முதலாண்டு சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ பிராட்வேயோ, நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். கல்லூரிக்குக் கல்லூரி மாறக்கூடிய இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைத் தேடுவதிலும், வராத ஓடிபிக்குக் காத்திருப்பதிலும் அதில் பாதி கரைந்துவிடுகிறது. பெரும்பாலும் வரிசை தப்புவதால்தான் இப்படி ஆகிறது. ஆகவே முதல் மூன்று படிகளை மட்டுமாவது மாற்றாமல், இதே வரிசையில் முடியுங்கள்.

1. பழைய ஜிமெயிலை மீட்டெடுங்கள்

முதல் வேலைக்குக் கணினியே வேண்டாம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது ஒரு மின்னஞ்சல் கொடுத்திருப்பீர்கள். அதை உருவாக்கியது யார்? பல பேருக்கு அது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டர்க்காரர். கடவுச்சொல் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மீட்பு எண்ணாகப் பதிவாகியிருப்பதும் சில நேரம் அவருடைய கைபேசி எண்ணே.

கல்லூரியில் அடுத்து உருவாகும் ஒவ்வொரு கணக்கும் இந்த மின்னஞ்சலில்தான் கட்டப்படும். அதனால் கடைக்குப் போய்க் கடவுச்சொல்லை வாங்கி, உங்கள் கைபேசியிலேயே நுழைந்து, மீட்பு எண்ணையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். மீட்க வழியே இல்லையென்றால், பெயரும் எண்ணும் கொண்ட சாதாரணப் புதிய முகவரி ஒன்றை உருவாக்கி, கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பழையதை மாற்றச் சொல்லுங்கள். கிரிக்கெட் வீரர் பெயரும் பட்டப் பெயரும் கலந்த முகவரி வேண்டாம். மூன்றாம் ஆண்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இன்னொரு முகவரி தேட வேண்டியிருக்கும்.

கையோடு இன்னொரு வேலை. இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் பாதுகாப்பு) இயக்கிய பின், கேட்டால் கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி அடையாள அட்டை உறைக்குள் வையுங்கள். கனமான சுவர்கள் கொண்ட பழைய கட்டடங்களின் தரைத்தள ஆய்வகங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. சில ஆய்வகங்களில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் இந்தக் காகிதம் இல்லாவிட்டால் உங்கள் மின்னஞ்சலுக்குள் உங்களாலேயே நுழைய முடியாது.

2. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து பின்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தே இருக்காது. மனிதர்களுக்கு இது ஒரே ஆள் என்று தெரியும், இணையதளத்துக்குத் தெரியாது.

உயர்கல்வி மாணவர்களின் விவரங்கள் தமிழ்நாட்டில் யூமிஸ் என்ற தளத்தில் பதிவாகின்றன. பள்ளியில் வாங்கிய எமிஸ் எண் இங்கே தேவைப்படும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் இந்தப் பதிவு சரியாக இருந்தால்தான் வங்கிக்கு வரும். எமிஸ் எண் தெரியாவிட்டால் மாற்றுச் சான்றிதழைப் பாருங்கள், அல்லது பழைய பள்ளியில் கேளுங்கள். இதை முதல் மாதத்திலேயே கேட்டு வைப்பது நல்லது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் பள்ளி அலுவலகத்தில் யாரும் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

3. கணக்குகளைச் சரியான வரிசையில் வாங்குங்கள்

வரிசை இது: அலுவலகம், துறை, ஆய்வகம், வைஃபை.

அலுவலகத்தில் சேர்க்கை எண்ணும் அடையாள அட்டையும் கிடைக்கும். பல்கலைக்கழகப் பதிவு எண் சில வாரம் கழித்துத்தான் வரும். அதுவரை சேர்க்கை எண்ணே போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துறையில் உங்கள் பெயர் வருகைப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் ஆய்வகக் கணக்குகளை உருவாக்குகிறவர் அந்தப் பட்டியலை வைத்துத்தான் உருவாக்குவார். தாமதமாகச் சேர்ந்தவர்களின் பெயர் விடுபடுவது இங்கேதான். ஆய்வகத்தில் போய் வாதாடுவதில் பயனில்லை. துறைத் தலைவரிடம் ஒரு வரிக் கடிதம் வாங்கிப் போனால் அன்றே வேலை முடியும்.

முதல் கடவுச்சொல் பெரும்பாலும் பிறந்த தேதி அல்லது பதிவு எண்ணாக இருக்கும். வகுப்பில் உள்ள அனைவருக்கும் அது தெரியும். முதல் நுழைவிலேயே மாற்றுங்கள். யாராவது உங்கள் கணக்கில் நுழைந்து எதையாவது தேடினால், பதிவில் நிற்பது உங்கள் பெயர்தான். நண்பனுக்கு ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்று கொடுப்பதற்கும் இது பொருந்தும். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

4. இடம் எப்போது காலியாக இருக்கும் என்று கண்டுபிடியுங்கள்

சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்ட், பிற்பகல் ஷிப்ட் என்று இரண்டு உண்டு. ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினி அறிவியல் துறையின் செய்முறை வகுப்புகள் எந்த நாளில் என்று பார்த்தாலே காலி நேரம் தெரிந்துவிடும். இரண்டு ஷிப்டுகளுக்கும் நடுவே வரும் அரை மணி நேரத்தை நம்பாதீர்கள், கணினிகளை அணைத்துப் பெருக்கும் நேரம் அது.

வரலாறு, தமிழ், வணிகவியல் படிக்கிறவர்கள் ஆய்வகம் தங்களுக்கு இல்லை என்று நினைத்து உள்ளேயே வருவதில்லை. பொது ஆய்வகமும் நூலகக் கணினிகளும் எல்லாத் துறைக்கும் உரியவை. கேட்டால் கிடைக்கும். கேட்காதவர்களைத் தேடி யாரும் வந்து அழைக்க மாட்டார்கள்.

5. உட்கார்ந்ததும் பார்க்க வேண்டியவை

பதிவேட்டில் பெயர், நேரம், கணினி எண் மூன்றையும் எழுதுங்கள். எழுதும் முன் விசைப்பலகையையும் மவுஸையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உடைந்த விசை இருந்தால் அப்போதே ஆய்வக உதவியாளரிடம் சொல்லிவிடுங்கள். மாலையில் கண்டுபிடித்தால் கடைசியாகக் கையெழுத்திட்டவரைத்தான் கேட்பார்கள்.

அடுத்து, திரையின் வலது மூலையில் தேதி. பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் ஜிமெயிலோ வங்கித் தளமோ எதுவும் திறக்காது, ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரிக்கை வரும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் காலக்கெடு உண்டு. கணினி அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இணையம் போய்விட்டது என்று எழுந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதியை மாற்ற மாணவர் கணக்குக்கு அனுமதி இருக்காது. உதவியாளரை அழைத்தால் அரை நிமிட வேலை.

மூன்றாவதாக, உலாவியை மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறவுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவரின் கணக்கு திறந்தே கிடந்தால், அதில் உங்கள் விண்ணப்பத்தை அனுப்பிவிடும் ஆபத்து குறையும். மூடியதும் உங்கள் உள்நுழைவும் மறையும்.

6. கோப்பை எங்கே சேமிப்பது

இந்த ஒன்றில்தான் கண்ணீர் அதிகம்.

பல ஆய்வகங்களில், கணினியை மறுபடி இயக்கினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்படி மென்பொருள் போட்டிருப்பார்கள். வைரஸ் பரவாமல் இருக்க அது தேவை. ஆனால் டெஸ்க்டாப்பில் சேமித்த உங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையும் அதோடு போய்விடும். குப்பைத் தொட்டியில்கூட இருக்காது. மீட்க எந்த வழியும் இல்லை. இருபது பக்கம் தட்டச்சு செய்து முடித்த நேரத்தில் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டால் நடப்பது இதுதான்.

ஆகவே கோப்பைத் திறந்த முதல் நிமிடத்திலேயே, எழுதுவதற்கு முன்பே, இடத்தைத் தீர்மானியுங்கள். கூகுள் டாக்ஸில் நேரடியாக எழுதினால் ஒவ்வொரு வரியும் தானாகவே சேமிக்கப்படும். வேர்டில்தான் எழுத வேண்டும் என்றால், நிலையாக இருக்கும் டிரைவ் எது என்று உதவியாளரிடம் கேட்டு அங்கே சேமியுங்கள். கால் மணிக்கு ஒருமுறை உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும் சேருங்கள். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’ என்று வைத்தால், வழிகாட்டும் பேராசிரியரிடம் எது போனது என்று உங்களுக்கே தெரியாது.

பென்டிரைவை இரண்டாவது பிரதிக்கு மட்டும் வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் செருகி வந்த பென்டிரைவில் கோப்புகள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் மட்டும் தெரிந்தால், அவற்றைச் சொடுக்காதீர்கள். சொடுக்கினால் வைரஸ் ஓடத் தொடங்கும். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே மறைக்கப்பட்டு இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘மறைந்த கோப்புகளைக் காட்டு’ என்பதை இயக்கி, வேண்டியதை மட்டும் கூகுள் டிரைவுக்கு ஏற்றிவிட்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

7. கைபேசியில் வைஃபை: எங்கே சிக்கும்

வைஃபை குறி வந்துவிட்டால் இணையம் வந்துவிட்டது என்று பொருளல்ல. கல்லூரி வைஃபை முதலில் உங்களை ஓர் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் கதவு திறக்கும். அந்தப் பக்கம் வரவில்லை என்பதே நான் அதிகம் கேட்கும் புகார். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் விபிஎன், அதாவது இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி. இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். அடுத்து, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒன்று இருக்கும். விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொல்லிக் கொடுத்து அதில் ஒரு முகவரியைப் போட்டு வைத்திருப்பீர்கள். அதை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றுங்கள். இரண்டும் சரியென்றால், உலாவியில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற முகவரியை ஆங்கிலத்தில் தட்டுங்கள். மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுவது) இல்லாத பக்கம் அது. கல்லூரி அமைப்பு இடைமறித்து உள்நுழைவுப் பக்கத்தைக் காட்ட, மறையாக்கம் இல்லாத கோரிக்கை ஒன்று தேவை. யூடியூப், ஜிமெயில் போன்றவை முழுக்க மறையாக்கம் கொண்டவை என்பதால் அங்கே வெறும் பிழைச் செய்திதான் வரும்.

சில கல்லூரிகளில் கருவியின் மேக் முகவரியை (வைஃபை அந்தக் கருவியை அடையாளம் காணும் எண்) படிவத்தில் எழுதிக் கொடுத்துப் பதிய வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும், கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று மேக் முகவரியைக் காட்டுவதே இயல்பு நிலை. நீங்கள் ‘அபௌட் ஃபோன்’ பகுதியில் பார்த்து எழுதிய எண் ஒன்று, வைஃபை காண்பது வேறொன்று. இதனால் பதிவு செய்தும் நுழைய முடியாது. கல்லூரி வைஃபையின் பெயரைத் தட்டி, தனியுரிமை என்ற இடத்தில் ‘கருவியின் மேக்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு எண்ணை எழுதிக் கொடுங்கள்.

மடிக்கணினியில் ஐபி முகவரி (இணைந்ததும் வலையமைப்பில் கருவிக்குக் கிடைக்கும் எண்) 169.254 என்று தொடங்கினால், அல்லது கைபேசி ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்பதிலேயே நின்றால், உங்கள் கடவுச்சொல்லில் தவறில்லை. முகவரி கொடுக்கும் சர்வரிலிருந்து பதில் வரவில்லை. உணவு இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணையும்போது முகவரிகள் தீர்ந்துபோவது சாதாரணம். வைஃபையை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க இன்னொரு கடிதம் வேண்டும்.

இரண்டு பெயரில் வைஃபை தெரிந்து, ஒன்றில் 5 என்று இருந்தால், அது 5 கிகாஹெர்ட்ஸ். வைஃபை கருவி பொருத்தியிருக்கும் அறைக்குள்ளேயே நீங்கள் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேகமானது. சுவர் தாண்டினால் 2.4 தான் தாக்குப்பிடிக்கும்.

8. தளம் தடுக்கப்பட்டிருந்தால்

விபிஎன் போட்டுத் தாண்டாதீர்கள். பதிவில் தெரியும், கணக்கு போகும். பாடத்துக்குத் தேவையான தளம்தான் தடுக்கப்பட்டிருக்கிறது என்றால், தளத்தின் முழு முகவரி, திரையில் வந்த செய்தியின் படம், நேரம், எந்தப் பாடத்துக்கு என்ற ஒரு வரி ஆகியவற்றைச் சேர்த்துத் துறை ஆசிரியர் வழியாக அனுப்புங்கள். ‘சார், நெட் வேலை செய்யவில்லை’ என்று வாயால் சொன்னால், கேட்பவரால் எதையும் தேட முடியாது.

9. பணம் கொடுக்காமல் படிக்கக் கிடைப்பவை

உங்கள் கல்லூரி என்-லிஸ்ட் திட்டத்தில் சந்தா கட்டியிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும் திட்டம் இது. 6,000-க்கும் மேற்பட்ட மின்னிதழ்கள் இதில் கிடைக்கின்றன. நூலகர் உருவாக்கிக் கொடுக்கும் பயனர் பெயர் இருந்தால் வீட்டிலிருந்தும் படிக்கலாம். அதைக் கேட்டு வாங்கும் மாணவர்கள் மிகக் குறைவு என்பது என் ஆதங்கம்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, பாடநூல்களுக்குக் காரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம், பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஸ்கேன் செய்யப்பட்ட பழைய நூல்களின் கோப்புகள் பெரியவை. ஆய்வகத்தில் தரவிறக்கி, கூகுள் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கணக்கு. இணைய வேகத்தைச் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது பிட்டில்; கோப்பின் அளவு பைட்டில். எட்டால் வகுக்க வேண்டும். 8 எம்பிபிஎஸ் வேகத்தில் 500 எம்பி கோப்பு இறங்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வகுப்பு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொடங்காதீர்கள்.

10. விண்ணப்பங்களும் கட்டணமும்

தேர்வுக் கட்டணம், அரியர், உதவித்தொகை, தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனின் படிப்புகள் எல்லாம் இணையவழியே. நவம்பர் பருவத் தேர்வு விண்ணப்பங்கள் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதை மறக்க வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்கு வருவதே பாடு, கல்லூரிக்கு விடுமுறையும் விட்டுவிடுவார்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி நாளில் சர்வரும் திணறும்.

ஆய்வகத்துக்கு வரும் முன்பே கைபேசியில் செய்யக்கூடியவை: புகைப்படத்தையும் கையெழுத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து, கேட்கும் அளவுக்குச் சுருக்கி, ஆங்கிலத்தில் இடைவெளியில்லாத பெயர் வைத்து மின்னஞ்சலில் போட்டுக்கொள்வது. வரம்பு 50 கேபி என்றால் 51 கேபியையும் தளம் ஏற்காது. நீண்ட பதில்களை நோட்பேடில் எழுதி வையுங்கள். தளத்திலேயே யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிடும், எழுதியதெல்லாம் போகும்.

பணம் கழிந்து, ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, தளத்தில் கட்டண நிலையைப் பாருங்கள். பின்னோக்கிச் செல்லும் பொத்தானையும் அழுத்த வேண்டாம். இரட்டைக் கட்டணம் விழுவது அதனால்தான், திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும். ஆய்வகக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவதைவிட, திரையில் வரும் க்யூஆர் குறியீட்டை உங்கள் கைபேசியில் ஸ்கேன் செய்து கட்டுவது பாதுகாப்பு.

11. தமிழ்த் தட்டச்சும் பிரிண்டும்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறியில் (யூனிகோட்) மட்டும் எழுதுங்கள். தமிழ்நாடு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. தமிழ்99 விசைப்பலகை பழக இரண்டு வாரம் போதும். அதுவரை கைபேசியில் தட்டி, கூகுள் டாக்ஸ் வழியாகக் கணினியில் திறந்து வடிவமைக்கலாம்.

கடைக்குக் கொண்டுபோகும் முன் பிடிஎஃப் ஆக்குங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்தால் கடைக்காரரின் கணினியில் பக்கங்கள் நகர்ந்து, பொருளடக்கத்தில் ஓர் எண்ணும் உள்ளே வேறொன்றுமாக நிற்கும். ஸ்பைரல் போட்ட பிறகுதான் அது கண்ணில் படும்.

12. எழுந்திருக்கும் முன்

வாட்ஸ்அப்பைக் கைபேசியிலிருந்தே இணைக்கப்பட்ட கருவிகள் பகுதியில் துண்டியுங்கள். சாதாரணச் சாளரத்தில் திறந்திருந்தால் உலாவியை மூடினால் மட்டும் போதாது. தரவிறக்கக் கோப்புறையில் ஆதார் நகல் கிடக்கிறதா என்று பாருங்கள். நான் அதிகம் அழித்தது ஊரார் ஆதார் நகல்களைத்தான். பென்டிரைவைக் கழற்றுங்கள், வெளியேறும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

13. ஆய்வகம் மூடியிருக்கும் நாட்களில்

கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கும் பணி செய்வதற்கும் இடம் உண்டு. பெரிய ரயில் நிலையங்களில் ரயில்டெல் வைஃபை நாளொன்றுக்கு 30 நிமிடம், 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இலவசம். முழு வேகம் கிடைத்தாலும் அதில் 225 எம்பிதான் இறக்க முடியும். ஹால் டிக்கெட் எடுக்கப் போதும், காணொளிப் பாடத்துக்குப் போதாது. அங்கே பணப் பரிமாற்றம் வேண்டாம்.

14. இறுதியாண்டில்

கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கு, படிப்பு முடிந்து சில மாதங்களில் மூடப்படலாம். ப்ராஜெக்ட், சான்றிதழ்கள், பேராசிரியர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் கூகுள் டேக்அவுட் மூலம் இறக்கி, சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். நான் முதல்வன் போன்ற தளங்களில் கல்லூரி முகவரியைக் கொடுத்திருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஓடிபி அந்த மூடிய முகவரிக்குத்தான் போகும்.

நிலுவையின்மைப் படிவத்தில் (நோ டியூஸ்) ஆய்வகத்தின் கையெழுத்தும் வேண்டும். கடைசிச் செய்முறைத் தேர்வன்றே படிவத்தைக் கொண்டுபோய் வாங்கிவிடுங்கள். அதன்பின் ஆய்வகம் பராமரிப்புக்காக மூடப்படும், உதவியாளர் விடைத்தாள் மையப் பணிக்குப் போய்விடுவார்.